பியூரிட்டன் ஊரில் ஒரு தாயின் பாவம் ஊர்க் கணக்கானது எப்படி?

பியூரிட்டன் என்றதும் நம் மனதில் ஒரு படம் வருகிறது. கறுப்பு உடுப்பு, இறுகிய முகங்கள், நடுவில் ஒரு மேடை, மேடைமேல் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவள் மார்பில் தைத்த 'A' என்ற எழுத்து (விபசாரம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து). நாவல்களும் சினிமாவும் பதித்துவிட்ட படம் அது. முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பெண்ணை ஏன் ஏற்றினார்கள், ஏற்றியவர்கள் அவளிடம் என்ன எதிர்பார்த்தார்கள், இறங்கியபின் அவள் கதி என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "அந்தக் காலத்து மதவெறி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வெறி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, அதுதான் வசதி.

உண்மையில் அது நிதானமாக, விதிமுறையோடு, பலர் கண்ணீரோடும் நல்லெண்ணத்தோடும் நடத்திய ஏற்பாடு. அதனால்தான் அது இன்னும் பயங்கரமாக இருக்கிறது என்பது என் கருத்து. அந்த ஏற்பாட்டுக்குள் தாய்மார்கள் மட்டும் ஏன் தனியாக மாட்டிக்கொண்டார்கள் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

யார் இவர்கள்?

இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்கச் சடங்குகளை இன்னும் முழுதாகக் கழுவவில்லை, அதைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று சொன்ன புராட்டஸ்டன்டுகள்தான் பியூரிட்டன்கள். அவர்களில் ஒரு பிரிவினர் 1620இல் அமெரிக்கக் கரையில் பிளிமத் குடியிருப்பை அமைத்தார்கள். பெரிய கூட்டம் 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் மாசசூசெட்ஸ் வளைகுடாவுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

சில தவறான எண்ணங்களை இங்கேயே கழித்துவிடலாம். இவர்கள் பீர் குடித்தார்கள். வண்ண உடை அணிந்தார்கள். திருமணத்தைச் சடங்காகக் கருதாமல் சட்ட ஒப்பந்தமாகவே நடத்தினார்கள், தேவைப்பட்டால் மணவிலக்கும் கொடுத்தார்கள். கணவன் மனைவிக்கு இடையிலான உடலுறவைப் பாவம் என்று நினைக்கவும் இல்லை. இரண்டு வருடம் மனைவியோடு சேராமல் இருந்தான் என்பதற்காகப் பாஸ்டன் சபை ஒருவனை நீக்கியதற்குப் பதிவு இருக்கிறது! ஆக, இவர்கள் பயந்தது வேறு எதற்கோ.

கையெழுத்துப் போட்டது எல்லோரும்

மகளிர் குழுக் கடன் வாங்கியவர்களுக்கு அந்தப் பயம் சட்டென்று புரியும். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனில் ஒருத்தி தவணை தவறினால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் போய் உட்காருவார்கள். அவள்மேல் பகையா என்றால் இல்லை, நேற்றுவரை அவளோடு உட்கார்ந்து பேசிச் சிரித்தவர்கள்தான். ஆனால் அவள் கட்டாவிட்டால் அடுத்த கடன் யாருக்கும் கிடையாது. அதனால் அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறாரா, பண்டிகைக்கு என்ன புடவை எடுத்தாள் என்பதெல்லாம் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகிவிடுகிறது.

பியூரிட்டன்கள் கடவுளோடு இப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பெயர் உடன்படிக்கை: ஒரு மக்கள் கூட்டம் கடவுளின் சட்டப்படி நடப்பதாகச் சேர்ந்து வாக்குக் கொடுப்பது, பதிலுக்குக் கடவுள் அவர்களைக் காப்பது. வாக்குத் தவறினால் தண்டனை தனி ஆளுக்கு மட்டும் வராது. பஞ்சம், அம்மை, கப்பல் மூழ்குதல், போர் என்று ஊருக்கே வரும். ஊர் முழுவதும் உபவாச நாள் அறிவித்து, யார் செய்த பாவத்துக்காக இந்த வறட்சி என்று தேடுவது அங்கே வழக்கம்.

இந்தக் கணக்கில் அடுத்த வீட்டுக்காரியின் படுக்கையறை என் சொந்த விவகாரமாகிவிடுகிறது. 1670களில் மாசசூசெட்ஸ் இதை ஒரு பதவியாகவே ஆக்கியது. ஏறக்குறைய பத்துக் குடும்பங்களுக்கு ஒருவர் என்று கண்காணிப்பாளர்களை நியமித்து, வீடுகளுக்குள் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது.

சபையும் அரசும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் திருத்த வேண்டும். போதகர்கள் அரசுப் பதவி வகிக்க முடியாது, சபை யாருக்கும் சவுக்கடி கொடுக்க முடியாது. ஆனால் 1631 முதல் மாசசூசெட்ஸில் சபை உறுப்பினரான ஆண்களுக்கே வாக்குரிமை. அதனால் சபையில் பேசியதும் நீதிமன்றத்தில் பேசியதும் பெரும்பாலும் ஒரே வாய்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பொதுத் தீர்ப்பு அங்கே வம்பில் தொடங்கவில்லை, கூட்டுப் பொறுப்பில் தொடங்கியது. வம்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கட்டியதா இல்லையா என்று தெரியாத தவணை

குழுக் கடன் ஒப்பீடு ஓர் இடத்தில் உடைந்துவிடும். கடனில் பாஸ்புக் இருக்கிறது, எவ்வளவு கட்டினோம், எவ்வளவு பாக்கி என்று பார்த்துக்கொள்ளலாம். பியூரிட்டனுக்கு அந்தப் பாஸ்புக் கிடையாது.

காரணம் முன்குறிப்பு என்ற கோட்பாடு. யார் மோட்சம் போவார், யார் நரகம் போவார் என்பதைக் கடவுள் ஆதியிலேயே முடிவு செய்துவிட்டார், நல்ல காரியம் செய்து அதை மாற்ற முடியாது என்பது அதன் சாரம். சரி, நான் எந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. அடையாளங்களை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். அதனால் தினமும் மனதைத் தோண்டிப் பார்த்தார்கள். நாட்குறிப்பு எழுதினார்கள். எனக்கு மனத்தாங்கல் இல்லையே, அது நல்ல அடையாளமா, அல்லது மரத்துப்போனதன் அடையாளமா? நான் நிம்மதியாக இருக்கிறேன், இது கிருபையா, சாத்தானின் ஏமாற்றா? ஒரு பக்கா பியூரிட்டனுக்கு நிம்மதியே சந்தேகத்துக்கு உரியது.

1630களின் நடுவிலிருந்து மாசசூசெட்ஸ் சபைகள் இன்னொரு படியும் வைத்தன. முழு உறுப்பினராக வேண்டுமென்றால், கடவுள் உன் உள்ளத்தைத் தொட்ட கதையைச் சொல்லிக் காட்ட வேண்டும், கேட்பவர்கள் நம்ப வேண்டும். உள்ளே இருக்கும் குற்றவுணர்வு இப்படித்தான் ஊர் மதிப்பிடும் பொருளாக வெளியே வந்தது.

இந்த அழுத்தம் ஒரு தாயை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வின்த்ரோப் தன் நாட்குறிப்பில் 1637இல் எழுதிய ஒரு சம்பவம் போதும். பாஸ்டன் சபையைச் சேர்ந்த ஒரு பெண், தன் ஆத்துமா நிலை என்ன என்று நெடுநாளாகக் குழம்பித் தவித்திருக்கிறாள். யார் சொன்ன ஆறுதலும் காதில் ஏறவில்லை. ஒருநாள் தன் கைக்குழந்தையைத் தூக்கிக் கிணற்றில் போட்டாள். வீட்டுக்குள் வந்து, பிள்ளையை மூழ்கடித்துவிட்டேன், இனி நான் நரகத்துக்குப் போவது நிச்சயம் என்றாள். அருகில் இருந்தவர்கள் ஓடிப்போய்க் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அவள் பேச்சில் இருக்கும் அந்த "நிச்சயம்" கவனிக்க வேண்டியது. நரகமே ஆனாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறாள். இன்றைய மருத்துவர் இதற்கு வேறு பெயர் வைப்பார், சிகிச்சை தருவார். ஆனால் அவள் மனம் தளர்ந்தபோது அந்தத் தளர்ச்சிக்கு வடிவம் கொடுத்தது அவள் கேட்டு வளர்ந்த போதனைதான்.

பிள்ளை மேல் அளவுக்கு மீறிய பாசமும் குற்றம்

தாய்மார்களுக்குக் குற்றவுணர்வு இரண்டு பக்கமும் காத்திருந்தது.

ஒரு பக்கம், பிள்ளை பிறக்கும்போதே பாவத்தோடு பிறக்கிறது, அதன் பிடிவாதத்தை உடைத்துக் கடவுளை அறியச் செய்ய வேண்டியது பெற்றோர் கடமை. செய்யாமல் விட்டு அது செத்துப்போனால்? 1662இல் மாசசூசெட்ஸில் அச்சாகி வீடுகளில் மனப்பாடமாகவே ஆகிப்போன ஒரு நெடும்பாடல், குழந்தையாகவே இறந்து கிருபையில் சேராத ஆத்துமாக்களுக்கு நரகத்தில் கொஞ்சம் சௌகரியமான அறையை ஒதுக்குகிறது. அதை எழுதியவர் ஒரு போதகர், இரக்கத்தோடுதான் எழுதினார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய் அந்த வரியை எப்படி வாசித்திருப்பாள் என்று அவர் யோசித்தாரா என்பது வேறு விஷயம்.

மறுபக்கம், பிள்ளையை அளவுக்கு மீறி நேசித்தால் அது விக்கிரக ஆராதனை. கடவுளுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தைப் பிள்ளைக்குக் கொடுத்ததாகும். பொறாமையுள்ள கடவுள் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்வார். ஆகவே உலகப் பற்றிலிருந்து மனதைக் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதுபோல் மறக்கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று போதித்தார்கள்.

குழந்தைகள் சர்வசாதாரணமாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. போதகர் காட்டன் மாதருக்குப் பிறந்த 15 பிள்ளைகளில் அவருக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். 1630இல் வந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட், 1665க்கும் 1669க்கும் இடையில் மூன்று பேரக்குழந்தைகளைப் பறிகொடுத்து மூவருக்கும் இரங்கற்பா எழுதினார். வாய் முறையிட வருகிறது, உடனே அதை அடக்கி, அவர் இரக்கமுள்ளவர் என்றே சொல்லுவோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறார். அழுவதற்குக்கூட அளவு பார்க்க வேண்டியிருந்த ஒரு பாட்டியை அந்த வரிகளில் பார்க்கலாம்.

ஞானஸ்நானம் என்ற கொக்கி

இப்போது முக்கியமான இணைப்புக்கு வருகிறோம்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது சபையில் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஞானஸ்நானம் மோட்சத்துக்கு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் பிள்ளையை உடன்படிக்கைக்குள் கொண்டுவருவது அதுதான். ஒரு தாய்க்கு அது சின்ன விஷயமா? தனக்காக ஊர் முன்னால் வாய் திறக்கத் துணியாதவள் பிள்ளைக்காகத் துணிவாள்.

இரண்டாம் தலைமுறையில் பலரால் உள்ளம் தொடப்பட்ட கதையைச் சொல்ல முடியவில்லை. அவர்கள் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 1662இல் போதகர்கள் கூடி ஒரு சமரசம் செய்தார்கள். பெற்றோர் தாங்களும் சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்று, ஒழுக்கமாக நடந்து, உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டால் போதும், பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றார்கள். இதைப் பாதி உடன்படிக்கை என்பார்கள். இதற்காக எழுந்த சண்டை பல ஊர்ச் சபைகளை இரண்டாகப் பிளந்தது, அதற்குள் நாம் போக வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: நூற்றாண்டு முடிவதற்குள் சபைகளில் பெரும்பான்மை பெண்கள். பிள்ளை பெறும் வயதில் பலர் சேர்ந்தார்கள்.

பிள்ளை கல்யாணமாகி ஏழு மாதத்துக்குள் பிறந்துவிட்டால்? பல சபைகளில் ஏழு மாதக் கணக்கு என்ற ஒரு விதியே இருந்தது. அதற்கு முன் பிறந்தால் கணவனும் மனைவியும் சபைக்கு முன் நின்று கல்யாணத்துக்கு முந்திய பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பிறந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில்தான் கருவாகியிருக்கும், அது ஓய்வுநாளை மீறிய பாவம் என்று ஞானஸ்நானம் மறுத்த போதகர்களும் உண்டாம். அப்படி ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமையன்று இரட்டைக் குழந்தை பிறந்து வாயடைத்தது என்று நியூ இங்கிலாந்தில் ஒரு கதை சொல்வார்கள்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பாவம் ஊருக்கு ஆபத்து, மன்னிப்பு கிடைத்ததா என்பது யாருக்கும் நிச்சயமில்லை, பிள்ளையின் இடம் பெற்றோரின் நிலையில் தொங்குகிறது. இந்த மூன்றும் சந்திக்கும் புள்ளியில் தாய் நிற்கிறாள்.

சபைக்கு முன் நிற்பது என்றால் என்ன?

மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் பேசு. கேட்காவிட்டால் இரண்டொரு சாட்சிகளோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் கேட்காவிட்டால் அவன் அந்நியன். பியூரிட்டன் சபைகள் இதை வரிக்கு வரி பின்பற்றின. முதலில் எச்சரிக்கை, திருவிருந்திலிருந்து விலக்கு, கடைசியில் சபை நீக்கம். இந்த முழு ஏற்பாட்டுக்கும் சபை ஒழுங்கு என்று பெயர்.

பலரும் கவனிக்காமல் விடுவது இதன் மறுபாதியை. வெளியே தள்ளுவதோடு அது நிற்காது, திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அதன் நோக்கம். எழுந்து நின்று, பாவத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு, மனம் வருந்துவது உண்மை என்று நம்ப வைத்தால், கை தூக்கி ஏற்றுக்கொள்வார்கள். மறுபடி அதே பெஞ்சில் இடம். கொஞ்ச நாள் கிசுகிசு இருக்கும், ஆனால் ஏடு தீர்ந்தது.

ஆண்களும் நின்றார்கள். கேப்டன் ஜான் அண்டர்ஹில் போர்த் தளபதி, ஆடை அலங்காரத்தில் பெருமை கொண்டவர். அவர் 1640இல் பாஸ்டன் சபையில் விபசாரத்தை ஒப்புக்கொண்ட காட்சியை வின்த்ரோப் விவரித்திருக்கிறார். இருப்பதிலேயே மோசமான உடுப்பு. கழுத்துப்பட்டை இல்லை. அழுக்கு லினன் குல்லாவைக் கண் வரை இழுத்து விட்டிருக்கிறார். ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, பெருமூச்சும் கண்ணீருமாகச் சொல்லி முடிக்கிறார். அதற்கு முன் ஒருமுறை அவர் சொன்னதைச் சபை நம்பவில்லை, நீக்கிவிட்டது. இந்த முறை நம்பியது, சேர்த்துக்கொண்டது.

ஆக வருத்தம் இருந்தால் போதாது, தெரிய வேண்டும். அப்படிக் காட்ட முடியாதவர்களின் கதை வேறு. மாசசூசெட்ஸில் உள்ள சேலம் (Salem) ஊரைச் சேர்ந்த டாரதி டால்பி மனநிலை பாதித்தவள் என்று இன்று தயங்காமல் சொல்லலாம். கணவனையும் பிள்ளைகளையும் கொல்லச் சொல்லித் தனக்குத் தெய்வ வெளிப்பாடு வருவதாகச் சொன்னாள். சபை எச்சரித்தது, பிறகு நீக்கியது. நீதிமன்றம் சவுக்கடி கொடுத்தது. கொஞ்ச நாள் அடங்கியிருந்தாள். அப்புறம் தன் மூன்று வயது மகளின் கழுத்தை முறித்துக் கொன்றாள். வரப்போகும் துன்பத்திலிருந்து அவளை விடுவித்தேன் என்பது அவள் விளக்கம். அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயருக்குக் கஷ்டம் என்று பொருள்.

தீர்ப்பு சொல்லும்போது டாரதி எழுந்து நிற்க மறுத்தாள், முகத்திரையை விலக்க மறுத்தாள், வருந்துவதாகச் சொல்லவும் இல்லை. தலையை வெட்டினால் வலியும் அவமானமும் குறைவு, அப்படிச் செய்யுங்கள் என்று கேட்டாள். 1638 டிசம்பரில் பாஸ்டனில் தூக்கிலிட்டபோது, முகத்தை மூடியிருந்த துணியைப் பிடுங்கிக் கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையில் செருகிக்கொண்டாள். போதகர்கள் இருவர் கூடவே போயும் பிரயோசனமில்லை என்று வின்த்ரோப் எழுதுகிறார். அவர் எழுத்தில் கோபத்தைவிட ஏமாற்றம் தெரிகிறது. அந்த ஏற்பாட்டுக்கு அவள் கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்காமல் போய்விட்டாள்.

இதே தர்க்கத்தை 1692 சேலம் சூனிய வழக்குகளிலும் பார்க்கலாம். ஆம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர் யாரும் தூக்கிலேறவில்லை. தூக்கிலேறிய 19 பேரும் கடைசியில் தாங்கள் நிரபராதி என்றவர்கள். அவர்களில் சாரா குட் என்பவளின் கைக்குழந்தை சிறையிலேயே இறந்தது, நாலைந்து வயது மகளுக்கும் விலங்கு மாட்டினார்கள். கருவுற்றிருந்த எலிசபெத் பிராக்டருக்குப் பிரசவம் வரை தவணை கிடைத்தது. அதற்குள் வழக்குகள் கலைந்ததால் பிழைத்தாள். அவள் கணவனைத் தூக்கிலிட்டார்கள்.

பிரசவ அறையில் விசாரணை

கள்ள உறவில் இருவர் உண்டு, ஆனால் வயிறு ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், மாசசூசெட்ஸ் சட்டம் இதை எப்படிக் கையாண்டது என்பது பார்க்க வேண்டியது.

கல்யாணமாகாத பெண்ணுக்கு வலி கண்டதும் மருத்துவச்சியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சூழ்ந்துகொண்டு, தகப்பன் யார் என்று கேட்பார்கள். வலியின் உச்சத்தில், செத்துவிடுவோம் என்ற பயத்தில் பொய் வராது என்பது நம்பிக்கை. 1668இல் இது சட்டமாகவே ஆனது. பிரசவ வேதனையில் சொன்ன பெயரை அவள் பின்பும் மாற்றாமல் நின்றால், அந்த ஆண் தகப்பனாகக் கருதப்படுவான், பிள்ளைச் செலவு அவன் பொறுப்பு. கொடுமையான முறைதான். ஆனால் ஓர் ஆணை மறுக்க முடியாமல் பிடித்துக் கொடுத்ததும் அதுதான். கேட்டவர்களும் சாட்சி சொன்னவர்களும் பெண்களே. பொதுத் தீர்ப்பு என்றால் ஆண்கள் கூட்டம் ஒரு பெண்ணைச் சூழ்ந்து நிற்பதாக மட்டும் கற்பனை செய்தால் பாதி காட்சி விட்டுப்போகும்.

அந்த எழுத்து விஷயம்? அது உண்மைதான், ஆனால் பல மாதிரி. விபசாரம், அதாவது மணமான பெண் வேறொருவனோடு உறவு கொள்வது, 1641 சட்டத் தொகுப்பின்படி மரணக் குற்றம். 1644இல் மேரி லேதம் என்ற 18 வயதுப் பெண்ணையும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவனையும் அதற்காகத் தூக்கிலிட்டார்கள். அதன்பின் நடுவர்களுக்கே மனம் வரவில்லை. பிளிமத்தில் 1658 சட்டம் மேலாடையில் இரண்டு எழுத்துகளைத் தைக்கச் சொன்னது. மாசசூசெட்ஸின் 1694 சட்டம், கழுத்தில் கயிறோடு ஒரு மணி நேரம் தூக்குமேடையில் உட்காரவைத்து, சவுக்கடி கொடுத்து, உடுப்பின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இரண்டு அங்குல எழுத்தை எப்போதும் அணியச் சொன்னது. சிவப்பு என்று சட்டத்தில் இல்லை.

மேய்ன் பகுதியில் 1651இல் ஒரு போதகரின் மனைவிக்கு விதித்த தண்டனையில் ஒரு வாசகம் இருக்கிறது: பிரசவமாகி ஆறு வாரம் கழித்து, கிட்டரி ஊர்க் கூட்டத்தில், நாற்பதுக்கு ஒன்று குறைவாக அடி, பிறகு எழுத்தைச் சூடு போடுவது. ஆறு வாரம் என்பது இரக்கம். பச்சை உடம்பு என்று பார்த்துத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

வயிற்றில் வாசித்த தீர்ப்பு

ஊர் கூடித் தீர்ப்பு சொல்லாத இடத்தில் கடவுளே சொல்லிவிடுவார் என்றும் நம்பினார்கள். உலகில் எதுவும் தற்செயல் இல்லை, நடப்பது ஒவ்வொன்றும் அவர் அனுப்பும் செய்தி. தெய்வச் செயல் என்று நாம் சும்மா சொல்வதை அவர்கள் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள்.

1637 அக்டோபரில் மேரி டயர் என்ற பெண்ணுக்கு உருக்குலைந்த குழந்தை இறந்தே பிறந்தது. கூட இருந்தவர்களில் ஒருவர் ஆன் ஹட்சின்சன். 15 பிள்ளைகளைப் பெற்றவர், பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர், வீட்டில் கூட்டம் நடத்திப் போதகர்களையே விமர்சித்ததற்காக அதே குளிர்காலத்தில் விசாரணைக்கு உள்ளானவர். குழந்தையை ரகசியமாகப் புதைக்கச் சொன்னவர் போதகர் ஜான் காட்டன். 1638 மார்ச்சில் ஆன் ஹட்சின்சனைச் சபையிலிருந்து நீக்கியபோது, எழுந்து அவரோடு கூடவே வெளியே நடந்தவர் மேரி டயர். யார் இந்தப் பெண் என்று ஒருவர் கேட்க, விஷயம் கசிந்தது.

ஆளுநர் வின்த்ரோப் அந்தக் குழந்தையைத் தோண்டி எடுக்கச் செய்தார். நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று அவரே எழுதுகிறார். கொம்பு, நகம் என்றெல்லாம் விவரிக்கிறார். மூளை முழுதாக வளராத குறைப்பிறவி என்று இன்றைய மருத்துவம் சொல்லும். ஆன் ஹட்சின்சனுக்கும் அந்த ஆண்டு கரு கலைந்தது. கோணலான கருத்துகளைப் பெற்றவர்கள் கோணலான பிள்ளைகளைப் பெற்றார்கள் என்று போதகர் தாமஸ் வெல்டு 1644இல் அச்சில் ஏற்றினார். ஒரு தாயின் துக்கத்தை எடுத்து மதவாதத்தில் சான்றாக வைத்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் கசப்பான பகுதி இதுதான். மேரி டயர் பிற்பாடு, பியூரிட்டன்கள் தடைசெய்திருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார், 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

ஹேவர்ஹில்லின் அக்காளும் தங்கையும்

மாசசூசெட்ஸின் ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த எலிசபெத் எமர்சனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அவளைக் கதிரடிக்கும் தடியால் அடித்து உதைத்ததற்காக அவள் தகப்பனுக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. 1686இல் அவளுக்குக் கல்யாணமாகாமல் ஒரு மகள். 1691 மே மாதம், பெற்றோர் கட்டிலின் காலடியிலேயே இருந்த தாழ்ந்த படுக்கையில், இரவில், சத்தமில்லாமல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். துணிப்பையில் வைத்துத் தைத்து, பெட்டியில் ஒளித்து, பிறகு கொல்லையில் புதைத்தாள். அந்த ஞாயிறு பெற்றோர் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் வந்து தோண்டினார்கள். குழந்தைகள் இறந்தே பிறந்தன என்றாள். தகப்பன் என்று அவள் சொன்ன மணமான ஆண்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை.

இங்கிலாந்தில் 1624 முதல் ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமாகாதவள் பிள்ளையின் சாவை மறைத்தால், இறந்து பிறந்தது என்பதற்கு ஒரு சாட்சியாவது காட்டாவிட்டால், அதுவே கொலை. எலிசபெத்தின் வழக்கு முடிந்த பின், 1696இல், மாசசூசெட்ஸ் அதைத் தன் சட்டமாகவே இயற்றியது. பொதுவாகக் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், இங்கே தாய் தன் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டும். தனியாகப் பெற்றதே குற்றத்துக்குச் சாட்சி. அவள் ஏன் தனியாகப் பெற்றாள் என்பது முன்பக்கங்களில் இருக்கிறது.

எலிசபெத்தை 1693 ஜூன் 8 அன்று தூக்கிலிட்டார்கள். அதே குற்றத்துக்காக ஒரு கறுப்பின அடிமைப் பெண்ணும் அன்றே. அதற்குமுன் காட்டன் மாதர் அவர்களை முன்னால் வைத்துப் பிரசங்கம் செய்தார். எலிசபெத்தின் வாக்குமூலம் என்று அச்சான தாளில், பெற்றோருக்குக் கீழ்ப்படியாததே தன் அழிவுக்குக் காரணம் என்று இருக்கிறது. கதிரடிக்கும் தடி அதில் இல்லை.

அவளுடைய அக்காள் ஹன்னா டஸ்டன். 1697 மார்ச்சில், பிள்ளை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்த ஹன்னாவைப் பூர்வகுடியினர் தாக்கிச் சிறைபிடித்தார்கள், கைக்குழந்தையைக் கொன்றார்கள். சில வாரங்களில் ஹன்னா, தன்னோடு இருந்த ஒரு பெண்ணும் ஒரு பையனுமாகச் சேர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரைக் கோடரியால் கொன்று தப்பி வந்தாள். அந்தப் பத்தில் ஆறு பேர் குழந்தைகள். சட்டமன்றம் அவள் சார்பில் அவள் கணவனிடம் 25 பவுண்டு கொடுத்தது. காட்டன் மாதர் அவளை வேதாகம வீராங்கனைகளோடு ஒப்பிட்டுப் பிரசங்கித்தார். தங்கைக்குப் பிரசங்கம் செய்த அதே மாதர். பின்னாளில் ஹன்னாவுக்குச் சிலையும் வைத்தார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே சபை. குழந்தைகளின் சாவு என்ற ஒன்றையே வைத்து ஊர் தீர்ப்பு சொன்னதாக எடுத்துக்கொண்டால் இந்த முரண் புரியாது. உடன்படிக்கைக்குள் இருந்து அதை மறைமுகமாக உடைத்தவள் ஒருத்தி, உடன்படிக்கையின் எதிரிகளைக் கொன்றவள் மற்றவள். கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டது.

கட்டு தளர்ந்தபோது

1697 ஜனவரியில் நடுவர் சாமுவேல் சீவல் பாஸ்டன் சபையில் எழுந்து நின்றார். சேலம் வழக்கில் தண்டனை கொடுத்ததில் தன் பங்குக்கு வெட்கப்படுவதாக அவர் எழுதிய தாளைப் போதகர் வாசித்தார். முந்தைய ஆண்டில் அவருக்கு ஒரு மகன் இறந்து பிறந்தான், ஒரு சிறு மகளும் இறந்தாள். அவற்றைக் கடவுளின் அடி என்றே அவர் எடுத்துக்கொண்டார். வின்த்ரோப் மேரி டயரின் குழந்தையில் வாசித்ததை இவர் தன் வீட்டில் வாசித்தார், தனக்கு எதிராகவே. அந்த நம்பிக்கைக்கு நேர்மையாக இருந்தவர்களும் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் வந்த மாற்றம் பலர் எதிர்பார்க்காதது. மதப்பிடி தளர்ந்தால் பெண்களுக்குத்தான் முதலில் விடுதலை கிடைத்திருக்கும் என்று நினைப்போம். 17ஆம் நூற்றாண்டில் கல்யாணமாகி ஏழு மாதத்துக்குள் பிறந்த குழந்தைக்காகக் கணவன் மனைவி இருவரையும் அழைத்து, இருவருக்கும் அபராதமோ சவுக்கடியோ கொடுத்தார்கள். ஊரின் ஆத்துமாவைக் காப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று 18ஆம் நூற்றாண்டு நினைக்கத் தொடங்கியதும், அந்தக் குற்றத்துக்கான வழக்குகளிலிருந்து ஆண்கள்தான் முதலில் காணாமல் போனார்கள். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நடுவர் முன் வந்து நின்றவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகாத தாய்மார்கள். தகப்பன் பெயர் ஏட்டில் ஏறுவது பிள்ளைச் செலவு வழக்கில் மட்டும், அதுவும் அவள் போய்ப் புகார் கொடுத்தால்தான்.